வெள்ளை அட்டை

மரமில்லாத மலை என்று
வேலூரைக் கேலி பேசுகிறவர்கள்
குனிந்து பார்த்ததில்லை.
நானும்தான், முந்தின வருஷத்து ஐப்பசி வரை.

கேட்டுக்குக் கேட்டு நின்று
மீட்டரில் எண் பார்க்கும் வேலை எனக்கு.
பாகாயத்தில் எந்த வாசலில் எந்தத் தொட்டி என்று
தூக்கத்திலும் சொல்வேன்:
குரோட்டன்ஸ், காகிதப்பூ, மறுபடி குரோட்டன்ஸ்.
மே மாதம் அவற்றுக்காக ஓடுகிற மோட்டாரின் கணக்கு
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

வீடு கட்டியது போக எங்களுக்கு மிஞ்சியது
கால் சென்ட் மண்.
தண்ணீர் கேட்காத பூ வேண்டும்,
காய்ந்து போனாலும் திரும்பி வருகிற பூ.
நர்சரி ஷரீஃபிடம் கேட்டேன்.
"அப்படி ஒண்ணு இருந்தா
நான் கடையைச் சாத்திடணும் மேடம்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பாலமதி மலை.
ஒரு கையில் யாரோ தூக்கிப்போட்ட வெள்ளை அட்டை,
மறு கையில் மீட்டருக்கு சீல் வைக்கிற கம்பித் துண்டுகள்.

பாறையிடுக்கில் நீலமாய்,
சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாய் ஒன்று.
இலையைத் தொட்டால் பூனைக் காது.
ஏறும்போது விரிந்திருந்தது,
மத்தியானம் இறங்கும்போது மூடிவிட்டது.
விஷ்ணுகிராந்தி. ஒரு கம்பி.
ஒற்றை இதழை நாக்குபோல் நீட்டிக்கொண்டு
ரோஸ் நிறத்தில் ஓரிதழ்த்தாமரை.
இரண்டு கம்பி, இல்லை, மூன்று.
செம்முள்ளி துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.
பெயரில் சிவப்பு, பூவில் மஞ்சள். யார் வைத்த பெயரோ.
தும்பைக்கும் ஒன்று கட்டினேன், அந்த வெள்ளைக்காக.

புதரோரம் தீயாய் நின்ற காந்தளிடம் போய்
கையை இழுத்துக்கொண்டேன்.
கிழங்கு முழுக்க விஷம்.
வீட்டில் கண்டதையும் வாயில் போடுகிற
ஒன்றரை வயசுக் கயலினி இருக்கிறாள்.
மலையிலேயே இரு, தாயே.

வெட்டுக்காயப்பூண்டு நம்முடையது என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
தாவரவியல் படித்துவிட்டு என்னோடு
பில் போடுகிற ஹெப்சிபா சிரித்தாள்.
"கப்பலேறி வந்ததுடி அது. உண்ணிச்செடியும்தான்."
என் முழங்கால் தழும்புக்கு அது தெரியாது.

பூவைப் பார்த்தால் ஆயுசு தெரியாதாம்,
வேரைப் பார்க்க வேண்டுமாம்.
தோண்டிப் பார்த்தால் கொன்றதாகிவிடும்.
காத்திருந்தேன்.

தை மாதம் விதையை மட்டும் எடுத்துவந்தேன்.
செம்முள்ளிக் காய் காகித உறைக்குள்
நடுராத்திரியில் வெடித்தது.
எலி, என்றார் தயாளன்,
புரண்டு படுத்துக்கொண்டு.

கத்திரி வெயிலில் மறுபடி ஏறினேன்.
மலை மொத்தமும் அடுப்புக் கல்.
பதினேழு கம்பிகளில் மூன்றை ஆடு செடியோடு மேய்ந்திருந்தது.
தும்பைக்குக் கட்டிய வளையத்துக்குள் காற்று.
மற்றதெல்லாம் சுள்ளி.
நகத்தால் அடித்தண்டைச் சுரண்டினேன்.
நூலளவுக்குப் பச்சை.
அட்டையில் எழுதினேன்: சப்ளை உண்டு.

ஆடியில் விதைத்தது கார்த்திகையில் பூத்தது.
அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.
தேனீ வந்தது. பக்கத்து வீட்டம்மா
"என்ன, காடு மண்டிக் கிடக்கு" என்றார்.

இந்தச் சித்திரையில் கால் சென்ட் முழுக்கச் சருகு.
தயாளன் டைல்ஸ் விலை விசாரித்துவிட்டார்,
வண்டி நிறுத்த வசதியாம்.
நான் கெஞ்சவில்லை.
ஆனி முடியட்டும் என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் ராத்திரி
ஜவ்வாது மலைப் பக்கமிருந்து இடி வந்து
அரை மணி நேரம் பெய்தது.
இன்று டூட்டிக்குக் கிளம்புமுன்
குந்தி உட்கார்ந்து எண்ணினேன்.

முந்தைய அளவு பத்தொன்பது.
தற்போதைய அளவு ஆறு.
அதிலும் ஒன்று யாரென்று தெரியவில்லை,
இலை விரியவில்லை இன்னும்.
நான் விதைக்காததாகவும் இருக்கலாம்.

பத்து மணிக்கு டைல்ஸ்காரர் அளவெடுக்க வருகிறார்.
ஆறையும் சுற்றிக் குச்சி நட்டு,
கம்பி இழுத்து,
ஈயத்தை அழுத்தி முத்திரை வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

சீலை உடைப்பது குற்றமென்று
தயாளனுக்குத் தெரியும்.